விதை இறங்கவில்லை என்றால் எதுவரை காத்திருப்பது?

முன்பு ஒரு பதிலின் நடுவே, ஆறாம் மாதத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது ஆண் குழந்தையின் இரண்டு விதைகளும் பைக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வவுணதீவிலிருந்து திருக்கோவில் வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. சுற்றி வளைத்து எழுதியவர்கள் பலர். பிள்ளையின் வயதைக்கூடச் சொல்லாமல் கேட்டவர்களும் உண்டு. பிள்ளைக்குக் காது வலித்தால் அடுத்த வீட்டில் போய்ச் சொல்கிறோம். இதை மட்டும் வீட்டுக்குள்ளேயே பேசாமல் இருந்துவிடுகிறோம். அப்படியே மாதங்கள் போய்விடுகின்றன. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் இதற்குத்தான். பெயர் எதையும் நான் போடவில்லை.

கேள்வி: டாக்டர், எனக்கு இது முதல் பிள்ளை. 34 கிழமையில் பிறந்தவர், இப்போது 5 மாதம். வலது பக்க விதை பையில் இல்லை என்று பிறந்த அன்றே சொன்னார்கள். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்த்து, பிள்ளையின் பதிவேட்டிலும் எழுதி வைத்திருக்கிறா. மாமி சொல்கிறா, தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி மேலிருந்து கீழே தடவினால் இறங்கிவிடுமாம், அவவின் மூத்த மகனுக்கும் அப்படித்தான் இறங்கியதாம். இவர் கட்டாரில் வேலை. சித்திரை வருஷத்துக்கு வருகிறார், வந்த பிறகு பார்ப்போம் என்கிறார். நான் வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்றும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
— ஒரு தாய், வவுணதீவு

பதில்: மகள், கடைசியாகச் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நீங்கள் சாப்பிட்டதாலோ, மோட்டார் சைக்கிளில் போனதாலோ, பாரம் தூக்கியதாலோ வந்ததும் இல்லை. பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருக்கிறார். உங்கள் கடிதத்தில் காரணம் என்று எடுக்கக்கூடியது அது ஒன்றுதான், அதுவும் உங்கள் குற்றம் இல்லை.

விதைகள் உருவாவது பையில் அல்ல, வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குக் கிட்ட. கர்ப்பத்தின் 15ஆம் கிழமையளவில் அவை அடிவயிற்றில் கவட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. பிறகு கன நாள் அங்கேயே நிற்கும். அங்கிருந்து பைக்குள் இறங்குகிற கடைசிப் பயணம் 25ஆம் கிழமைக்கும் 35ஆம் கிழமைக்கும் இடையில் நடக்கிறது. விதையின் கீழ்முனையில் ஒரு நார் இருக்கும். தோணியைக் கரைக்கு இழுக்கிற கயிறு போல அது முன்னே போக, விதை பின்னால் வரும். உங்கள் மகன் 34 கிழமையில் பிறந்துவிட்டார். அந்தப் பயணம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேரளவில் இப்படி இருக்கும். குறைமாதப் பிள்ளைகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் இருக்கும்.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. பிறந்த முதல் மாதங்களில் ஆண் குழந்தையின் உடம்பில் ஆண் ஹோர்மோன் ஒருமுறை உயர்ந்து பிறகு தணிகிறது. அந்த நேரத்தில் பல விதைகள் தாமாகவே இறங்கிவிடும். ஒரு வயதாகும்போது மேலேயே நின்றுவிடுபவை நூற்றுக்கு ஒன்று அளவில்தான். உங்கள் மாமியின் மகனுக்கு நடந்ததும் இதுவே. அவ எண்ணெய் தடவிய மாதங்களும் விதை தானாக இறங்குகிற மாதங்களும் ஒன்றாக இருந்தன. எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பிள்ளைக்கு அது சுகம். ஆனால் கவட்டில் அழுத்தி இழுத்துத் தடவ வேண்டாம். விதையை மேலே பிடித்து வைத்திருக்கிற இரத்தக்குழாய்களும் நாளமும் உள்ளே இருக்கின்றன. வெளியிலிருந்து தடவி அவற்றை நீளமாக்க முடியாது. பிள்ளைக்கு நோவுதான் மிஞ்சும்.

அடுத்து வயதுக் கணக்கு. குறைமாதப் பிள்ளைக்குப் பிறந்த திகதியிலிருந்து எண்ணக்கூடாது. பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் மகன் ஆறு கிழமை முந்திப் பிறந்தவர். ஆகவே இந்த விஷயத்துக்கு அவருக்கு இப்போது மூன்றரை மாதம்தான். இன்னும் இரண்டரை மாதம் பொறுமையாக இருக்கலாம். அந்தக் கணக்கில் ஆறு மாதம் முடிந்தும் விதை இறங்கவில்லை என்றால், அதற்குப் பிறகு தானாக இறங்குவது மிக அரிது. அதன் பிறகு காத்திருப்பதால் நன்மை ஒன்றும் இல்லை, நட்டம் மட்டும் உண்டு.

என்ன நட்டம்? பைக்குள் வெப்பம் உடம்பின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை வரை குறைவு. விதைக்கு அந்தக் குளிர்மை வேண்டும். பிற்காலத்தில் விந்தணு ஆகப்போகும் ஆதிக் கலங்கள் குழந்தையின் முதல் வருடத்திலேயே அடுத்த நிலைக்கு மாற வேண்டும். விதை மேலே சூட்டில் இருந்தால் அந்த மாற்றம் சரியாக நடக்காது, கலங்களும் குறையத் தொடங்கும். இதனால்தான் ஒப்பரேஷனை ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் செய்யச் சொல்கிறோம், எப்படிப் பிந்தினாலும் 18 மாதத்துக்குள். எங்கள் பெற்றோர் காலத்தில் ஐந்து வயது, பள்ளிக்கூடம் போகும் வயது என்று சொல்லியிருப்பார்கள். இன்றும் அந்தப் பழைய கணக்கைச் சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதன்படி செய்ய வேண்டாம்.

உங்கள் கணவர் சித்திரைக்கு வருவது சந்தோஷம். ஆனால் அவர் வரும் திகதியைப் பிள்ளையின் ஒப்பரேஷன் திகதியாக்கிவிடாதீர்கள். சம்மதக் கடிதத்தில் தாய் கையெழுத்துப் போட்டாலே போதும். ஆறாம் மாதத் தடுப்பூசி நாளில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் டாக்டரிடம் பிள்ளையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பதிவேட்டில் மிட்வைஃப் மிஸ் எழுதியதையும் காட்டுங்கள். அப்போது உங்கள் மகனுக்குக் கணக்குப்படி நாலரை மாதம் இருக்கும். இன்னும் இறங்காமல் இருந்தால் சிறுவர் கிளினிக்குக்குத் துண்டு அன்றைக்கே எழுதி வாங்கிவிடலாம். கிளினிக் திகதி கிடைத்து, சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்து, பட்டியலில் பெயர் போட்டு வருவதற்குள் மாதங்கள் எடுக்கும். அந்த மாதங்களையும் சேர்த்துத்தான் நாம் யோசிக்க வேண்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைச் சிறுவர் கிளினிக்கில் காட்டினால், எங்கே யாரிடம் போக வேண்டும் என்று அங்கே வழி சொல்வார்கள். கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினாலும் பயப்பட வேண்டாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. உதயதேவியில் ஏறினால் பிள்ளையோடு ஒரே ரயிலில் போய்ச் சேரலாம்.

ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள். விதை இறங்காத பிள்ளைகளுக்குக் குடலிறக்கமும் அந்தப் பக்கமே வரலாம், விதை வரும் பாதை மூடாமல் திறந்திருப்பதே காரணம். அழும்போது கவட்டில் ஒரு வீக்கம் வந்து, அழுகை நின்றதும் மறைந்தால் அடுத்த நாள் காட்டுங்கள். ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் கட்டியாக நின்று, பிள்ளை விடாமல் அழுது, சத்தியும் எடுத்தால் விடியும்வரை இருக்கக்கூடாது. 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 3 வயது. முன்பள்ளிக்குச் சேர்க்கப் பரிசோதித்தபோது ஒரு விதை இல்லை என்றார்கள். வீட்டில் குளிக்க வார்க்கும்போது இரண்டும் இருப்பதை நானே கண்டிருக்கிறேன். கிளினிக்குக்குக் கொண்டுபோனால் காணவில்லை. தனியாரிடம் காசு கட்டி ஸ்கேன் எடுத்தேன், "கவட்டில் இருக்கிறது" என்று எழுதித் தந்தார்கள். இப்போது ஒப்பரேஷன் வேணுமா, வேண்டாமா?
— ஒரு தகப்பன், கல்முனை

பதில்: தம்பி, குளிக்கும்போது நீங்கள் கண்டதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமான விஷயம். அதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் கட்டாயம் சொல்லுங்கள்.

விதையை மேலே இழுக்கிற ஒரு தசை எல்லா ஆண்களுக்கும் உண்டு. குளிர், பயம், தொடையில் ஒரு கை படுவது, இவை போதும், அந்தத் தசை சுருங்கி விதையை மேலே தூக்கிவிடும். இரண்டு வயதிலிருந்து ஏழு வயதுவரை அது மிகவும் பலமாக வேலை செய்யும். ஏசி போட்ட அறை, தெரியாத முகம், குளிர்ந்த கை என்றால் பிள்ளை அழத் தொடங்கும் முன்பே விதை மேலே போய்விடும். இப்படி ஏறி இறங்கும் விதை உண்மையில் இறங்கிய விதைதான். அதற்கு ஒப்பரேஷன் தேவையில்லை.

வீட்டில் இப்படிப் பாருங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வார்த்த பிறகு, பிள்ளையைச் சப்பாணி கட்டி இருத்துங்கள், அல்லது குந்தி இருந்து விளையாட விடுங்கள். அந்த நிலையில் அந்தத் தசை தளரும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்பெலும்பின் பக்கமிருந்து கவட்டு வழியாக மெதுவாகக் கீழே கொண்டுவாருங்கள். விதை பையின் அடிவரை வந்து, கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தால் நல்லது. கையை விட்டவுடன் சட்டென்று மேலே ஓடினாலோ, கீழே கொண்டுவரும்போது பிள்ளை நோகிறது என்றாலோ, அது உண்மையாகவே இறங்காத விதையாக இருக்கலாம், நிபுணர் பார்க்க வேண்டும். பிள்ளை தூங்கும்போதும் ஒரு தடவை பாருங்கள். இரண்டும் கீழே இருக்கிற நேரம் கைப்பேசியில் படமெடுத்து வைத்து டாக்டருக்கு மட்டும் காட்டலாம், ஆனால் அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். உங்களைப் போன்றவர்களின் நாட்கூலி அதில் போகிறது. ஸ்கேன் எடுத்த கணத்தில் விதை கவட்டில் இருந்தது என்பதற்கு மேல் அந்தத் துண்டு எதையும் சொல்லவில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டல், நிபுணரிடம் அனுப்புவதற்கு முன் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கையில் தட்டுப்படும் விதைக்கு ஸ்கேன் வேண்டாம். கையில் தட்டுப்படாததை ஸ்கேனும் நம்பத்தக்க விதமாகக் காட்டாது. பழகிய கையால் பார்ப்பதற்கு ஈடில்லை. அப்புறம், இன்றைக்குச் சரி என்று விட்டுவிடவும் கூடாது. இப்படி ஏறி இறங்கும் விதைகளில் சில பின்னாளில் மேலேயே தங்கிவிடும். பருவ வயது வரும்வரை வருடத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். பிறந்தநாள் மாதத்தை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். மகனுக்கு 10 மாதம். இடது பக்க விதை கைக்குத் தட்டுப்படவே இல்லையாம். வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று திகதி தந்திருக்கிறார்கள். எங்கள் உம்மம்மா வேண்டவே வேண்டாம் என்கிறா, இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தால் மூளைக்குக் கூடாதாம். இந்த வருஷம் சுன்னத்தும் செய்ய இருந்தோம். எதை முதலில் செய்வது?
— ஒரு தாய், காத்தான்குடி

பதில்: வ அலைக்கும் ஸலாம், மகள். தந்த திகதியை விட்டுவிடாதீர்கள். 10 மாதத்தில் கிடைத்திருக்கிறது, நல்ல நேரம்.

விதை இறங்காத பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு அது கவட்டில் எங்கோ கைக்குத் தட்டுப்படும். ஐந்தில் ஒருவருக்குத்தான் உங்கள் மகனைப் போலத் தட்டுப்படாது. மயக்கம் கொடுத்த பிறகு நிபுணர் ஒருமுறை திரும்பவும் தடவிப் பார்ப்பார். அழுகையும் இறுக்கமும் இல்லாத அந்த நேரத்தில் சிலருக்குக் கவட்டிலேயே அகப்பட்டுவிடும், கமரா தேவைப்படாது. அகப்படாவிட்டால் தொப்புளில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்ப்பார்கள். விதை வயிற்றுக்குள் இருந்தால் கீழே கொண்டுவந்து பையில் வைப்பார்கள். இரத்தக்குழாய் கட்டையாக இருந்து ஒரேயடியாக எட்டாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்வார்கள். முதல் தடவை பெரிய இரத்தக்குழாயைக் கட்டிவிட்டு, பக்கத்துச் சிறு குழாய்கள் வளர ஆறு மாதமளவில் விட்டு, பிறகு இறக்குவார்கள். சிலருக்கு விதையே இருக்காது. கருவிலிருக்கும்போதே முறுக்கிக் கருகிப் போயிருக்கும், இரத்தக்குழாய்கள் வெறுமனே முடிந்திருக்கும். அப்படியானால் அன்றோடு அந்த விஷயம் முடிந்தது. மற்றப் பக்க விதை நல்லாக இருந்தால் அது ஒன்றே பிள்ளையின் வளர்ச்சிக்கும், நாளைக்கு அவர் வாப்பாவாவதற்கும் போதும்.

உம்மம்மாவின் பயத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை, பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில் சொல்கிறா. அவவிடம் இதைச் சொல்லுங்கள். ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து இதையே பார்த்திருக்கிறார்கள். குடலிறக்க ஒப்பரேஷனுக்கு ஒரு பகுதிக்கு முழு மயக்கமும், மறு பகுதிக்கு விழிப்பிலேயே முதுகில் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து, ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். வித்தியாசம் இல்லை. 2019இல் அந்த முடிவு வெளியானது. அங்கே கொடுத்த மயக்கம் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்டது. விதையை இறக்கும் ஒப்பரேஷனும் பொதுவாக அந்த அளவுக்குள் முடிகிற ஒன்று. கமரா வேலைக்கு இன்னும் கொஞ்சம் கூட எடுக்கலாம்.

சுன்னத்தை நிபுணர் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. விதை இறங்காத சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். அதைச் சரிசெய்ய அந்த நுனித்தோல்தான் வேண்டும். முந்தி வெட்டிவிட்டால் அந்தத் தோலுக்கு எங்கே போவது? துவாரம் சரியான இடத்தில் இருந்தால், அதே மயக்கத்தில் சுன்னத்தையும் செய்துவிடலாமா என்று நிபுணரிடமே கேளுங்கள். பிள்ளைக்கு ஒரே தடவையில் முடிந்துவிடும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, கேட்டால் சொல்வார்கள்.

இதோடு சேர்த்து, புதிதாகப் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் ஒன்று. இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவே இல்லை, அல்லது ஒரு பக்கம் இல்லாமல் துவாரமும் இடம் மாறியிருக்கிறது என்றால், ஆறு மாதம் என்று நான் மேலே சொன்ன கணக்கு உங்களுக்கு இல்லை. அதை வைத்தியசாலையை விட்டுப் போகும் முன்பே பார்க்க வேண்டும். பார்வைக்கு ஆண் குழந்தை போலத் தெரிந்தாலும், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் குறை உள்ள பெண் குழந்தையாக இருக்கலாம். அந்தக் குறை இருந்தால் பிறந்து இரண்டு, மூன்று கிழமைக்குள் உடம்பில் உப்புக் குறைந்து பிள்ளை சடுதியாகச் சோர்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தும் இருக்கிறது. "வளர வளரச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்குப் போக வேண்டாம்.

கேள்வி: பேரனுக்கு 11 வயது. சைக்கிளால் விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோன இடத்தில்தான் ஒரு விதை மேலே நிற்கிறது என்று தெரிய வந்தது. பிறந்த நேரம் எழுதிய பதிவேட்டில் இரண்டும் சரி என்றுதான் இருக்கிறது. பொய் எழுதினார்களா? மருமகன் இதைப் பற்றி யாரோடும் பேசக்கூடாது என்கிறார். நாளைக்குக் கலியாணம், பிள்ளை குட்டி எல்லாம் எப்படி? புற்றுநோயும் வருமாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
— ஒரு அம்மம்மா, திருக்கோவில்

பதில்: அம்மா, பதிவேட்டை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்ததற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பிறக்கும்போது சரியாக இறங்கியிருந்த விதை, பிள்ளை உயரமாக வளரும்போது கூட நீளாமல் மேலே ஏறிவிடுவது உண்டு. ஆறு வயதுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படுகிறவற்றில் பல இப்படியானவை. யாரையும் குற்றம் சொல்லாமல் அந்தப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போங்கள். இதற்கும் ஒப்பரேஷன்தான் வைத்தியம். பருவ வயது தொடங்கும் முன் செய்துவிட வேண்டும், ஆகவே வெள்ளாமை வெட்டு முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ள வேண்டாம்.

புற்றுநோயைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். சுவீடனில் இந்த ஒப்பரேஷன் செய்த 16,983 ஆண்களைப் பல வருடங்கள் கவனித்து 2007இல் எழுதினார்கள். 13 வயதுக்கு முன் செய்தவர்களுக்கு விதைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அளவில் இருந்தது. 13க்குப் பிறகு செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். மடங்கு என்றதும் மனம் பதறும். ஆனால் விதைப் புற்றுநோய் அடிப்படையிலேயே அரிதான நோய், வேளைக்குக் கண்டுபிடித்தால் அநேகமாக முழுதாகக் குணமாகக் கூடியது. உங்கள் பேரனுக்கு 11 வயது, நேரம் கையில் இருக்கிறது. விதை கீழே இருந்தால் இன்னொரு நன்மை, பெரியவனானதும் மாதம் ஒருமுறை தானே தடவிப் பார்க்கலாம். கல்லுப் போலத் தட்டுப்பட்டால் உடனே காட்டலாம். மேலே ஒளிந்திருந்தால் அது முடியாது.

கலியாணம், பிள்ளை குட்டி பற்றி: ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் இருந்து சிகிச்சை செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் தகப்பனாகிறார்கள். மற்ற ஆண்களுக்கும் இவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் என்றால்தான் அது நன்றாகக் குறைகிறது. குரல் உடைவது, மீசை முளைப்பது எல்லாம் உங்கள் பேரனுக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே நடக்கும்.

மருமகனிடம் என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அது சரி. ஆனால் பையனிடம் பேசாமல் இருக்கக்கூடாது. 11 வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று விளங்கும். பெரியவர்கள் கதவைச் சாத்திக் குசுகுசுத்தால் தனக்கு ஏதோ வெட்கக்கேடு நடந்துவிட்டதென்றுதான் அவன் நினைப்பான். தகப்பனே இருத்தி வைத்து, என்ன செய்யப் போகிறார்கள், எங்கே வெட்டுவார்கள், எத்தனை நாள் விளையாட முடியாது என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலோ மைதானத்திலோ திடீரென்று விதையிலோ கவட்டிலோ அடிவயிற்றிலோ தாங்க முடியாத நோ வந்தால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். மேலே நிற்கிற விதை முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கினால் ஆறு மணித்தியாலத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். வெட்கத்தில் இரவு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து, காலையில் வருகிற பையன்களுக்கு அந்த விதையைக் காப்பாற்றிக் கொடுக்க முடிவதில்லை.

கேள்வி: ஊசி போட்டே இறக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
— ஏறாவூர் வாசகர்

பதில்: ஹோர்மோன் ஊசியைச் சொல்கிறீர்கள். முன்பு பல நாடுகளில் போட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு இறங்கினாலே பெரிய விஷயம், அதிலும் சில திரும்ப ஏறிவிடும். ஏற்கெனவே சொன்ன 2014 வழிகாட்டலும் அதை வேண்டாம் என்கிறது. நானும் வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: மகனுக்கு 9 மாதம். வருகிற கிழமை ஒப்பரேஷன் திகதி. என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? வந்த பிறகு எப்படிப் பார்ப்பது? எங்கள் வீடு மண்டூர்ப் பக்கம், ஆற்றைக் கடக்கப் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் வர வேண்டும்.
— ஒரு தாய், மண்டூர்

பதில்: மகள், முதல் விஷயம் பால். தாய்ப்பால் என்றால் மயக்கத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்பும், மாப்பாலும் சோறும் என்றால் ஆறு மணித்தியாலம் முன்பும் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலம் முன்புவரை கொடுக்கலாம். விடுதியில் வேறு நேரம் சொன்னால் அவர்கள் சொன்னதையே கேளுங்கள். பாவம் அழுகிறானே என்று யாராவது மறைவாக ஒரு வாய் ஊட்டிவிட்டால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். கூட வருகிற அம்மம்மாவுக்கும் மாமிக்கும் இதை வீட்டிலேயே சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோ சளியோ இருந்தால் மறைக்க வேண்டாம், திகதியை மாற்றித் தருவார்கள். ஆற்றைக் கடந்து வர வேண்டிய இடம் என்பதால், முதல் நாளே வந்து தங்க முடியுமா என்று விடுதியில் கேளுங்கள். காலையில் குருமண்வெளிக்குப் பாதை வரும்வரை காத்திருந்து ஓடி வருவதைவிட அது நல்லது.

ஒப்பரேஷனில் கவட்டில் ஒரு சின்ன வெட்டும் பையில் ஒரு சின்ன வெட்டும் போடுவார்கள். மேலே வெட்டி விதையைச் சுற்றியுள்ளதை விடுவித்து, திறந்திருக்கும் பாதையைக் கட்டி, கீழே தோலுக்கு அடியில் ஒரு குட்டிப் பை செய்து விதையை அதில் இருத்துவார்கள். தையல் பெரும்பாலும் தானே கரைவது. மயக்கத்திலேயே முதுகின் அடியில் ஒரு ஊசி போடுவதுண்டு, அதனால் முதல் சில மணித்தியாலம் நோ தெரியாது. அந்த நேரத்தில் பிள்ளை சிரித்து விளையாடுவதைப் பார்த்து பனடோல் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். எடைக்குக் கணக்குப் பார்த்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அளவை விடுதியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமேல் காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ மருந்துத் தூளோ எதுவும் பூச வேண்டாம். பாம்பர்ஸை அடிக்கடி மாற்றினால் போதும்.

அடுத்த இரண்டு கிழமைக்கு, இடுப்பில் இரண்டு பக்கமும் காலைப் போட்டுத் தூக்காதீர்கள். இது நமக்குப் பழகிப்போன தூக்கு என்பதால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தோளில் சாய்த்தோ, மடியில் குறுக்கே வைத்தோ தூக்குங்கள். வோக்கரில் விட வேண்டாம், மூன்று சில்லுச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம், அப்பா மோட்டார் சைக்கிள் டாங்கியில் இருத்திக் கடைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். தவழ்ந்தால் தவழட்டும், அதை நிறுத்த வேண்டியதில்லை. பை வீங்கி நீலம் பாரித்திருப்பது ஒரு கிழமை, இரண்டு கிழமை இருக்கும், அது வழமை. வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தால், காய்ச்சல் வந்தால், சீழோ இரத்தமோ வடிந்தால், சத்தி நிற்காவிட்டால், சிறுநீர் போகாவிட்டால் உடனே கொண்டுவாருங்கள். பாதை ஓடாத இரவு நேரம் என்றால் விடியும்வரை பார்க்காமல் தரைவழியாகச் சுற்றியாவது வர வேண்டும். அதற்கு யாருடைய வாகனம் கிடைக்கும் என்று திகதிக்கு முன்பே பேசி வையுங்கள்.

காயம் பார்க்க ஒன்றிரண்டு கிழமையில் வரச் சொல்வார்கள், அதற்கு எல்லாரும் வருகிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் தருகிற திகதிக்குத்தான் பலர் வருவதில்லை. விதை கீழேயே நிற்கிறதா, மற்றதோடு சேர்ந்து வளர்கிறதா, சுருங்கிவிட்டதா என்று அன்றைக்குத்தான் தெரியும். நூற்றில் ஓரிரண்டு பேருக்குச் சுருங்குவதுண்டு, திரும்ப மேலே ஏறுவதும் உண்டு. அந்தத் துண்டைப் பதிவேட்டுக்குள்ளேயே ஊசியால் குத்தி வையுங்கள்.